டிராக்டர் டிரெய்லருக்கு லைட் வயரிங்: எர்த்திலிருந்து ஆரம்பியுங்கள்

டிரெய்லர் லைட் எரியவில்லை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். பல்ப் நன்றாகவே இருக்கும். கோளாறு எர்த் வயரில் (பல்புக்குப் போன கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வருகிற வயர்) இருக்கும், இல்லையென்றால் பிளக்கில் இருக்கும். நான் பண்ருட்டிப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்கள், செங்கல், வைக்கோல், பலாப்பழம் ஏற்றுகிற டிரெய்லர்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ரோட்டில்தான் போகும். கரும்பு வெட்டு தொடங்கப் போகிறது என்றால் டிரெய்லர் வயரிங் வேலை வர ஆரம்பித்துவிடும். அந்த வேலையை நான் செய்கிற முறையிலேயே இங்கே எழுதுகிறேன். பேட்டரி கழற்றவும் வயர் சீவவும் தெரிந்த யாரும் ஒரு நாளில் முடித்துவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். லோடு டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறது. பின்னால் கார் 80-ல் வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 60 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் இடைவெளி குறைகிறது. பின்னால் லைட் இல்லாத டிரெய்லர், டிம் லைட்டில் வருகிற காருக்கு 50 மீட்டரில் கண்ணில் பட்டால் அவருக்குக் கிடைப்பது மூன்று நொடி. எதிரே ஒரு பஸ் ஹை பீமில் வந்தால் அதுவும் கிடைக்காது. மார்கழிப் பனியில் விடியற்காலை நாலு மணிக்கு நிலைமை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு லைட் இரண்டு ஒழுங்காக எரிந்தால் போதும், கால் கிலோமீட்டருக்கு முன்னாலேயே அவர் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுவார்.

முதலில் வோல்ட். டிராக்டர் 12 வோல்ட். லாரி பெரும்பாலும் 24 வோல்ட். ஸ்பேர்ஸ் கடையில் "டிரெய்லர் லைட் கொடுங்க" என்று கேட்டால் லாரி டிரெய்லருக்கு உள்ள 24 வோல்ட் பல்போடு செட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதை டிராக்டரில் மாட்டினால் எரியும், ஆனால் மங்கலாக, பழுத்த சிவப்பாகத்தான் எரியும். வயரிங் முழுக்கப் பிரித்துத் தேடியும் கோளாறு கிடைக்காமல் வண்டியைக் கொண்டு வருவார்கள். பல்பின் பித்தளைக் கழுத்தில் வோல்ட்டும் வாட்டும் பொறித்திருக்கும். வாங்கும்போதே கடை வாசலில் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுங்கள்.

வாங்க வேண்டியது: ஏழு பின் பிளக் ஒன்று, டிராக்டரில் சாக்கெட் இல்லையென்றால் அதுவும் ஒன்று, ஏழு கோர் டிரெய்லர் கேபிள், பின் விளக்கு ஒரு ஜோடி, நம்பர் பிளேட் விளக்கு ஒன்று, மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், திம்பிள் (வயர் முனையில் அழுத்தி மாட்டுகிற உலோக முனை), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற குழாய்), ரப்பர் புஷ், கிளாம்ப். ஏழு கோர் கேபிள் கிடைக்கவில்லையென்றால் தனித்தனி ஆட்டோ வயரை வாங்கிக் கருப்பு ஃப்ளெக்சிபிள் பைப்பில் விடலாம். லைட்டுகளுக்கு 1 ஸ்கொயர் எம்எம் போதும். எர்த்துக்கு மட்டும் 2.5. வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரை மட்டும் கொண்டு வராதீர்கள். டிரெய்லர் குலுங்குகிற குலுங்கலில் அது உள்ளுக்குள் முறிந்துவிடும், மேல் தோல் முழுசாக இருப்பதால் எங்கே முறிந்தது என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும். பல இழை உள்ள வயர்தான் வேண்டும்.

எர்த்துக்கு ஏன் தடித்த வயர்? பிரேக், ஒரு பக்க இண்டிகேட்டர், பார்க்கிங், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து எரியும் நேரத்தில் இரண்டு 21 வாட் பிரேக், ஒரு 21 வாட் இண்டிகேட்டர், மூன்று 5 வாட் பல்ப், ஆக 78 வாட். 12 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். போகிற கரண்ட் தனித்தனி வயரில் பிரிந்து போகிறது, திரும்பி வருகிறது ஒரே எர்த் வயரில்தான். ஆறு மீட்டர் நீளத்துக்கு அரை ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் அந்த எர்த்திலேயே ஒன்றே கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 2.5 வயர் போட்டால் கால் வோல்ட்டோடு நின்றுவிடும்.

பின் நம்பரும் நிறமும்

டிராக்டருக்குப் பின்னால் இருக்கிற வட்டமான ஏழு பின் சாக்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 1724 என்ற அளவுமுறை உண்டு. அதன்படி:

1 – மஞ்சள் – இடது இண்டிகேட்டர்
2 – நீலம் – கூடுதல் விளக்குக்கு (பனி விளக்கு). நம் டிராக்டர்களில் பெரும்பாலும் காலியாக இருக்கும்
3 – வெள்ளை – எர்த்
4 – பச்சை – வலது இண்டிகேட்டர்
5 – பழுப்பு – வலது பார்க்கிங், நம்பர் பிளேட் விளக்கு
6 – சிவப்பு – பிரேக்
7 – கருப்பு – இடது பார்க்கிங்

இதில் மூன்றையும் ஏழையும் இன்னொரு தடவை படியுங்கள். கருப்பு என்றால் எர்த் என்று நமக்கெல்லாம் கை பழகியிருக்கிறது. இங்கே எர்த் வெள்ளை, கருப்பு இடது பார்க்கிங். கருப்பைக் கொண்டுபோய் டிரெய்லர் சேசிஸில் முறுக்கினால், பார்க்கிங் லைட் போட்ட அந்த நொடியே ஃபியூஸ் போகும். பகலில் இண்டிகேட்டரும் பிரேக்கும் சரியாக வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்து சுவிட்சைப் போடும்போது மொத்தமும் இருட்டாகிவிடும்.

நம்பரைப் பார்த்து இணையுங்கள், இடத்தைப் பார்த்து இணைக்காதீர்கள். சாக்கெட்டின் முன்பக்கம் பார்க்கும்போது ஒரு வரிசை, வயர் மாட்டுகிற பின்பக்கம் பார்க்கும்போது அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறிவிடும். ஒவ்வொரு பின் பக்கத்திலும் 1, 2, 3 என்று பிளாஸ்டிக்கிலேயே பொடியாக அச்சிட்டிருக்கும். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் தெரியும். லாரியின் 24 வோல்ட் சாக்கெட்டும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும், ஆனால் அதில் எர்த் 1-ல் வரும். லாரி வேலை பழகியவர் வயர் மாட்டிக் கொடுத்தால் இதைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள்.

டிராக்டர் பக்கம்

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சோதிக்கும்போது மட்டும் மாட்டினால் போதும்.

சாக்கெட் ஏற்கெனவே இருந்தால் அதை நம்பாதீர்கள், சோதியுங்கள். இதற்கு மல்டிமீட்டரை விட டெஸ்ட் லேம்ப் நல்லது. ஒரு 21 வாட் பல்பை ஹோல்டரில் போட்டு இரண்டு வயர் இழுத்துக்கொண்டால் டெஸ்ட் லேம்ப் தயார். மீட்டர் மிகக் குறைந்த கரண்ட்டையே இழுக்கும், அதனால் துருப்பிடித்த பின்னில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் என்றுதான் காட்டும். 21 வாட் பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். அந்த ஒரு இழையால் கொடுக்க முடியாது, பல்ப் மங்கிவிடும். உண்மையான லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை 3-ல் வையுங்கள், டிராக்டர் பாடியில் வேண்டாம். இன்னொரு முனையை ஒவ்வொரு பின்னாகத் தொட்டு, ஒருவரை சீட்டில் உட்கார வைத்து இண்டிகேட்டர், பார்க்கிங், பிரேக் என்று போடச் சொல்லுங்கள். பாடியில் வைத்தால் பளிச்சென்றும், 3-ல் வைத்தால் மங்கலாகவும் எரிந்தால் சாக்கெட்டின் எர்த் சரியில்லை. அங்கிருந்து பேட்டரி நெகட்டிவ் மாட்டியிருக்கும் இடம்வரை 2.5 வயர் ஒன்று நேராக இழுத்துவிடுங்கள்.

சாக்கெட்டே இல்லாத பழைய டிராக்டர் என்றால் மட்கார்டு விளக்குகளுக்குப் போகிற வயரிலிருந்து எடுக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி வயர் நிறம் வேறு வேறு, ஆகவே அதையும் டெஸ்ட் லேம்பால் கண்டுபிடித்து, துணிக் கயிறு கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு எடுங்கள். பார்க்கிங் விளக்குகளை நேராக எடுக்கலாம், மொத்தமே இரண்டு ஆம்பியர்தான். பிரேக்கை நான் நேராக எடுப்பதில்லை. டிராக்டரின் இரண்டு பிரேக் பல்போடு டிரெய்லரின் இரண்டும் சேர்ந்தால் 84 வாட், ஏழு ஆம்பியர். அந்தச் சின்ன பிரேக் சுவிட்சின் வாய் கருகிப்போகும். அதனால் ஒரு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச், முனைகளில் நம்பர் இருக்கும்): பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-க்கு, 87-லிருந்து சாக்கெட்டின் 6-க்கு, டிராக்டரின் பிரேக் லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் ரிலேக்குப் பக்கத்தில் இருந்து பயனில்லை, பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் வயர் எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால் ஃபியூஸ்தான் போக வேண்டும், வயர் எரியக் கூடாது.

பிரேக் விஷயத்தில் டிராக்டருக்கு மட்டும் உள்ள ஒரு சங்கதி உண்டு. வயலில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துத் திருப்புவதற்காக இரண்டு பெடல் இருக்கும். பிரேக் லைட் சுவிட்ச் எந்தப் பெடலில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் மற்றதை மிதிக்கும்போது லைட் வராது. ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டு பெடலையும் லாக் போட்டு இணைத்துத்தான் ஓட்ட வேண்டும். லோடு டிரெய்லர் பின்னால் இருக்கும்போது ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி மடங்கிவிடும். லைட்டுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக அந்த லாக்கைப் போடுங்கள்.

அப்புறம் ஃபிளாஷர், அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற சாமான். டிராக்டரில் ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று 42 வாட். டிரெய்லர் சேர்ந்தால் 63. பழைய சூடாகிற வகை ஃபிளாஷர் கூடுதல் பல்பைப் பார்த்ததும் படபடவென்று அடிக்கும், கொஞ்ச நாளில் போய்விடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷரே போடுங்கள். அதன் மேல் 21 வாட் பல்ப் எத்தனைக்குத் தாங்கும், டிரெய்லருக்குத் தனியாக ஒன்று உண்டா என்று எழுதியிருக்கும். டிரெய்லருக்கான வகையில் சி2 என்று ஒரு முனை கூடுதலாக வரும். அதை டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்குக்குக் கொடுத்தால், டிரெய்லர் இண்டிகேட்டர் அடிக்கும்போது அதுவும் அடிக்கும். அது நின்றுவிட்டால் பின்னால் ஒரு பல்ப் போய்விட்டது என்று சீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். சில டிராக்டர்களில் இது கம்பெனியிலிருந்தே வருகிறது.

டிரெய்லர் பக்கம்

இங்கேதான் பாதிப் பேர் எர்த்தை விட்டுவிடுகிறார்கள். டிரெய்லர் முழுக்க இரும்பு, டிராக்டரும் இரும்பு, நடுவில் கொக்கியும் இரும்பு, பிறகு எதற்கு எர்த் வயர் என்பது அவர்கள் எண்ணம். கொக்கிப் பின்னை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். கிரீஸும் மண்ணும் துருவும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். லோடு இழுக்கும்போது பின் ஒரு பக்கமாக அழுந்தி எர்த் கிடைக்கும், இறக்கத்தில் டிரெய்லர் முன்னால் தள்ளும்போது விட்டுவிடும். அதாவது பிரேக் பிடிக்கிற நேரம் பார்த்து எர்த் போகும். ஆகவே பிளக்கின் 3-லிருந்து வெள்ளை வயர் பின்னால் உள்ள ஒவ்வொரு விளக்கின் எர்த் முனைவரைக்கும் வயராகவே போய்ச் சேர வேண்டும். விளக்கின் போல்ட் வழியாக, டிரெய்லரின் தகட்டு வழியாக எர்த் எடுக்கிற வேலையே வேண்டாம். பெயிண்டும் துருவும் இருக்கிற தகடு அது.

பிளக்கிலிருந்து டிரெய்லரின் பின்பக்கம்வரை கேபிள் ஒரே துண்டாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் போகட்டும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், நடுவில், உள்பக்கமாக ஜங்ஷன் பாக்ஸ். அங்கிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று பிரித்துவிடுங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு, அந்த எண் பலகைக்கும் வெளிச்சம் வேண்டும். பழுப்பு வயரிலிருந்து எடுத்தால் போதும். பாக்ஸில் வயர்கள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். மேலே ஓட்டை போட்டால் வண்டி கழுவுகிற தண்ணீர் முழுக்க உள்ளே நிற்கும்.

கேபிளை சேசிஸ் சேனலின் உள்பள்ளத்தில் கொண்டுபோங்கள். வெளிப்பக்கம் போனால் வரப்பில் உரசும், கரும்புச் சோகை மாட்டும். ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப். இரும்பில் ஓட்டை வழியாகப் போகிற இடத்தில் எல்லாம் ரப்பர் புஷ். ஓட்டையின் விளிம்பு ஒரு சீசனுக்குள் கேபிளை அறுத்துவிடும். டிப்பர் டிரெய்லர் என்றால் விளக்குகளைத் தூக்குகிற பெட்டியில் வைக்காதீர்கள், கீழ் சேசிஸில் வையுங்கள். பெட்டியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் கீல் இருக்கும் இடத்தில் கேபிளைத் தளர்வாக வளைத்து விட்டு, ஹைட்ராலிக் ஜாக்கை முழுக்கத் தூக்கிப் பார்த்து அளவு வையுங்கள். நாலு சக்கர டிரெய்லரில் முன் அச்சு, அதற்கு மேலே சுழலுகிற டேபிளோடு சேர்ந்து திரும்பும். கேபிள் அந்த டேபிளின் நடு மையத்துக்குப் பக்கமாகக் கடந்தால் இழுவை குறைவாக இருக்கும், ஓரமாகக் கடந்தால் முதல் திருப்பத்திலேயே பிடுங்கிக்கொள்ளும்.

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் தொங்குகிற பகுதியின் நீளத்தை நின்ற இடத்தில் அளக்காதீர்கள். பிளக்கை மாட்டி, காலி டிரெய்லரோடு களத்தில் இடது கடைசிவரைக்கும், வலது கடைசிவரைக்கும் ஒடித்துப் பாருங்கள். இழுக்கவும் கூடாது, தரையில் தேயவும் கூடாது, பிடிஓ ஷாஃப்ட் (டிராக்டருக்குப் பின்னால் சுழலுகிற தண்டு) பக்கம் தொங்கவே கூடாது. நான் டிராபாரில் (டிரெய்லரை இழுக்கிற முன் சட்டம்) ஒரு ஸ்பிரிங் கொக்கி வைத்து அதில் கேபிளைத் தூக்கி மாட்டுவேன்.

ஜாயின்ட்டைப் பற்றி. வயரை முறுக்கி டேப் சுற்றுவது வீட்டுக்குள் கொஞ்ச நாள் தாங்கலாம், டிரெய்லரில் தாங்காது. டேப் வெயிலில் பசை விடும், உள்ளே தண்ணீர் புகுந்து செம்பு இழைகளுக்கு நடுவிலேயே ஊறிக்கொண்டு மேலே ஏறும். பழைய வயரைச் சீவும்போது செம்பு பளபளவென்று இல்லாமல் கறுத்து, சில இடத்தில் பச்சை பூத்து இருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஓர் அடி போனாலும் பரவாயில்லை. கறுத்த செம்பில் திம்பிளும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. திம்பிளைக் கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடுகாட்டிவிடுங்கள். ஈயம் வைத்தால் அந்த இடம் விறைப்பாகி, விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வில் முறியும். அதனால் டிரெய்லரில் நான் கிரிம்ப் மட்டும்தான் செய்கிறேன்.

பிரேக்கும் பார்க்கிங்கும் ஒரே பல்பில் இருக்கிற 21/5 வாட் பல்பில் பக்கவாட்டு முனைகள் இரண்டும் உயரத்தில் ஏறி இறங்கி இருக்கும். ஒரு வழியாக மட்டும்தான் உட்காரும். நுழையவில்லை என்று அழுத்தித் திருப்பிப் போட்டால் பார்க்கிங் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும். டிரெய்லருக்கு எல்இடி விளக்கு நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்லதுதான். கட்டை வண்டி மாதிரி குலுங்குகிற டிரெய்லரில் பல்பின் இழை அறுந்துகொண்டே இருக்கும், எல்இடி-யில் இழையே இல்லை. 12 வோல்ட்டா என்று பார்த்து, பாசிட்டிவ் நெகட்டிவ் மாறாமல் மாட்டுங்கள். ஃபிளாஷர் மட்டும் எல்இடி-க்கு உரியதாக இருக்க வேண்டும். சாதாரண எலக்ட்ரானிக் ஃபிளாஷர், எல்இடி இழுக்கிற கொஞ்சக் கரண்ட்டைப் பார்த்து பல்ப் போய்விட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கும்.

லோடு விளக்கை மறைத்தால்

வயரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கரும்பை நீளவாக்கில் அடுக்கினால் பின்னால் நாலைந்து அடி நீட்டிக்கொண்டு சோகையோடு தொங்கும். விளக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கும், பின்னால் வருகிறவருக்கு ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. வைக்கோல் லோடும் இப்படித்தான். இதற்கு நான் செய்து கொடுப்பது கழற்றி மாட்டுகிற லைட் சட்டம். டிரெய்லர் அகலத்துக்கு ஒரு லேசான சதுரப் பைப், இரண்டு ஓரத்திலும் பின் விளக்கு, நடுவில் நம்பர் பலகையும் அதற்கு விளக்கும். ஜங்ஷன் பாக்ஸ் பக்கத்தில் இன்னொரு ஏழு பின் சாக்கெட் வைத்து, சட்டத்துக்கு மூன்று மீட்டர் கேபிளும் பிளக்கும். லோடு ஏற்றி முடித்ததும் கரும்பின் கடைசி முனையில், கார் ஓட்டுகிறவரின் கண் மட்டத்துக்குச் சட்டத்தைக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் கட்டிவிட வேண்டும். இறக்கும் முன் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் மாட்டும்போது சேசிஸ் விளக்குகளும் கூடவே எரிந்தால் இண்டிகேட்டரில் லோடு கூடும். சட்டத்துக்கு எல்இடி போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. அகலம் முக்கியம். இரண்டு சிவப்பும் டிரெய்லரின் இரண்டு ஓரத்தைக் காட்டினால்தான், முந்துகிறவர் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று கணக்குப் போட முடியும். நடுவில் ஒரே ஒரு லைட்டைத் தொங்கவிட்டால் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துப் பக்கத்தில் வந்துவிடுவார்.

ஒளி திருப்பும் ஸ்டிக்கரையும் இதோடு ஒட்டிவிடுங்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஒட்டும் முன் உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, தின்னரில் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டினால்தான் நிற்கும். வயர் எல்லாம் அறுந்துபோன நாளிலும் இது ஒன்று கரண்ட் இல்லாமல் வேலை செய்யும்.

சோதிப்பது

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள். எர்த் கோளாறு தனித்தனியாகப் போடும்போது ஒளிந்துகொள்ளும். பார்க்கிங்கைப் போட்டு, அதோடு பிரேக்கை மிதிக்கச் சொல்லி, அதோடு இடது இண்டிகேட்டரையும் போடுங்கள். மூன்றும் சேர்ந்து எரியும்போது பின்னால் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். இண்டிகேட்டர் அடிக்கும்போது பார்க்கிங் லைட்டும் கூடவே மங்கி மங்கி எரிகிறதா? பிரேக் மிதித்ததும் இண்டிகேட்டர் லேசாகக் கனலுகிறதா? அப்படியென்றால் அந்த விளக்குக்கு எர்த் இல்லை. இண்டிகேட்டர் பல்புக்கு வந்த கரண்ட் எர்த்துக்குப் போக வழி இல்லாமல், அதே விளக்கில் உள்ள பார்க்கிங் இழை வழியாகத் திரும்பிப் போய், மற்ற பல்புகள் வழியாக எர்த்தைத் தேடுகிறது. பல்பை மாற்றி, ஃபிளாஷரை மாற்றிக் காசைச் செலவு செய்ய வேண்டாம். பேட்டரி நெகட்டிவிலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து அந்த விளக்கின் எர்த் முனையைத் தொடுங்கள். உடனே எல்லாம் ஒழுங்காக எரிந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

மீட்டர் வைத்திருப்பவர்கள், எல்லா விளக்கும் எரியும்போது விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. ஒரு வோல்ட் தாண்டினால் எங்கோ ஒரு திம்பிள் தளர்வாக இருக்கிறது, பெரும்பாலும் பிளக்கின் 3-ம் நம்பர் ஸ்குரூவில்தான்.

அதன் பிறகு

பிளக்கைக் கழற்றினால் தரையில் போடாதீர்கள். டிராபாரில் ஒரு பழைய சாக்கெட்டைப் போல்ட் போட்டு வைத்து அதில் வாய் கீழே பார்க்கிற மாதிரி செருகிவிடுங்கள். யூரியா மூட்டை ஏற்றுகிற டிரெய்லரில் பின்கள் சீக்கிரம் பச்சை பூக்கும். சுருட்டிய உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் லேசாகத் தடவி வையுங்கள்.

டிரெய்லரில் வெல்டிங் வேலை என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். டிராக்டர் மாட்டியே இருந்தால் பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். வெல்டிங் கரண்ட் நாம் கவனமாகப் போட்ட அந்த எர்த் வயர் வழியாகவே ஓடினால், ஆல்டர்னேட்டரில் உள்ள டையோடு, எல்இடி எல்லாம் போய்விடும்.

ஆலை வாசலில் வரிசையில் ராத்திரி முழுக்க ரோட்டோரம் நிற்கும்போது பேட்டரி இறங்கிவிடும் என்று பார்க்கிங்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். டிராக்டர், டிரெய்லர் இரண்டின் பார்க்கிங் விளக்குகளும் சேர்ந்து ஏழு 5 வாட் பல்ப் என்றாலும் மூன்று ஆம்பியர்தான். பத்து மணி நேரத்துக்கு முப்பது ஆம்பியர் மணி. டிராக்டர் பேட்டரி 80, 90 ஆம்பியர் மணி தாங்கும். நல்ல பேட்டரி காலையில் ஸ்டார்ட் எடுத்துவிடும். எல்லா இண்டிகேட்டரையும் சேர்த்து அடிக்கவிட்டால்தான் இறங்கும், ஆகவே அதை வண்டி பழுதாகி நடு ரோட்டில் நிற்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டூல் பாக்ஸில் 21 வாட் பல்ப் இரண்டு, 21/5 இரண்டு, 10 ஆம்பியர் ஃபியூஸ், நாலு மீட்டர் வயர், அந்த டெஸ்ட் லேம்ப் எல்லாம் எப்போதும் கிடக்கட்டும்.